கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்: எதைக் கேட்பது, எந்தப் பிரதியை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டூடியோ ஆல்பங்களைக் கேட்டால் போதாதா?

போதாது. 1965-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய ராக் குழு இது. 1995 ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் கடைசியாக வாசிக்கும்வரை 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி பத்து நிமிஷத்தில் முடிந்த பாட்டு அடுத்த வாரம் அரை மணி நேரம் போகும். நம் ஊர் ரசிகர்கள் ஒரே வித்வானின் தோடியை வேறு வேறு கச்சேரிகளில் கேட்டு ஒப்பிடுவார்களே, அந்தக் காதோடுதான் இதைக் கேட்க வேண்டும். 'டார்க் ஸ்டார்' 1968-ல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. அதே பாட்டு 1972 மே 11 அன்று ராட்டர்டாமில் நாற்பத்தெட்டு நிமிஷத்தை நெருங்கியது. ஸ்டூடியோ ஆல்பத்தில் பாட்டின் சட்டகம் மட்டும் கிடைக்கும்.

யார் யார் வாசிக்கிறார்கள்? காலத்துக்குக் காலம் ஒலி மாறுவது ஏன்?

ஜெர்ரி கார்சியா லீட் கிதார், பாப் வியர் ரிதம் கிதார், ஃபில் லெஷ் பேஸ், பில் க்ராய்ட்ஸ்மன் டிரம்ஸ். இந்த நால்வரும் கடைசிவரை மாறவில்லை. மாறியவர்கள் கீபோர்டுக்காரர்களும் இரண்டாவது டிரம்மரும்தான். கீபோர்டில் யார் என்று தெரிந்தாலே பதிவின் காலம் பிடிபட்டுவிடும். ஆர்கனும் ப்ளூஸ் குரலுமாக பிக்பென் என்றால் 1972 வரை. பியானோவில் கீத் காட்ஷோ என்றால் 1971 அக்டோபர் முதல் 1979 தொடக்கம் வரை. ஹாமண்ட் ஆர்கனும் கரகரத்த உச்சக் குரலுமாக ப்ரெண்ட் மிட்லண்ட் என்றால் 1979 ஏப்ரல் முதல் 1990 கோடை வரை. அதன்பின் வின்ஸ் வெல்னிக்.

இரண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட் 1967-ல் சேர்ந்து 1971 பிப்ரவரியில் விலகினார். 1974 அக்டோபரில், நீண்ட ஓய்வுக்கு முந்தைய கடைசி இரவில் மறுபடி மேடையேறினார். இடைப்பட்ட மூன்றரை ஆண்டு க்ராய்ட்ஸ்மன் ஒருவரே. ஒரே டிரம்மர் என்பதால் குழு நினைத்த மாத்திரத்தில் திசை திரும்பியது. 1972, 1973, 1974 பதிவுகளை இத்தனை பேர் உச்சமாகக் கொண்டாடுவதற்கு அதுதான் முக்கியமான காரணம்.

முதன்முதலாகக் கேட்பவர் எங்கே ஆரம்பிக்கலாம்?

1977 மே 8. நியூயார்க் மாநிலம் இதகாவில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். முழுக் கச்சேரியையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். இரண்டாவது செட்டில் (இடைவேளைக்குப் பிந்தைய பகுதியில்) 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' தொடங்கும் இடத்தில் ஆரம்பியுங்கள். அது நிற்காமல் 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாட்டுக்குள் போகும். இரண்டும் சேர்ந்து சுமார் இருபத்தைந்து நிமிஷம். ஸ்கார்லெட்டின் வரிகள் முடிந்தபின் தாளம் மெல்ல இளகும். லெஷின் பேஸ் ஒரு புதிய இரண்டு ஸ்வரப் பிடியைத் தேட ஆரம்பிக்கும். ஃபயர் எந்த நொடியில் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி கோத்திருப்பார்கள். இந்த இரண்டு பாட்டையும் இணைத்து வாசிக்கும் வழக்கமே அப்போதுதான் இரண்டு மாதம் முன்பு, 1977 மார்ச்சில், தொடங்கியிருந்தது. அதனால் பழக்கத்தின் அலுப்பு கொஞ்சமும் இல்லை.

அடுத்து அதே செட்டின் கடைசிப் பகுதி: 'செயின்ட் ஸ்டீஃபன்', 'நாட் ஃபேட் அவே', மறுபடி ஸ்டீஃபன், பிறகு 'மார்னிங் டியூ'. டியூவின் முடிவில் கார்சியா ஒற்றை ஸ்வரங்களில் தொடங்கி, வேகமான மீட்டலுக்கு ஏறி, குழு முழுவதையும் உச்சிக்குக் கூட்டிப்போகிறார். அந்தக் கடைசிச் சில நிமிஷங்களை நல்ல ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள்.

கார்னெல் உண்மையிலேயே ஆகச் சிறந்ததா, வெறும் பெயரா?

மிக நல்ல கச்சேரி, மிக நல்ல பதிவு. பெயருக்குப் பதிவின் தரமும் பாதிக் காரணம். பெட்டி கேன்ட்டர்-ஜாக்ஸன் என்ற ஒலிப்பொறியாளர் எடுத்த நாடா அது. சாதாரண சவுண்ட்போர்டு நாடாக்கள் (மிக்ஸிங் மேசையிலிருந்து நேராக எடுத்தவை) தேய்ந்த பிரதிகளாகச் சுற்றிய காலத்தில், இவர் நாடாக்களின் தெளிவான பிரதிகள் 1980-களின் பிற்பகுதியில் ரசிகர்கள் கைக்கு வந்தன. ஆளுக்கு ஆள் பிரதி எடுத்ததில் கார்னெல் ஊரறிந்த பெயர் ஆயிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011-க்கான தேர்வில் இதைச் சேர்த்தது. அதிகாரபூர்வ வெளியீடு 2017-ல்தான் வந்தது.

ஆனால் அதே வாரத்திலேயே போட்டி உண்டு. மே 5 நியூ ஹேவன், மே 7 பாஸ்டன், மே 9 பஃபலோ மூன்றும் கார்னெலோடு சேர்ந்து 'கெட் ஷோன் தி லைட்' என்ற தொகுப்புப் பெட்டியில் உள்ளன. பஃபலோவின் தொடக்கத்தில் வரும் 'ஹெல்ப் ஆன் தி வே', 'ஸ்லிப்நாட்', 'ஃப்ராங்க்ளின்ஸ் டவர்' வரிசை கார்னெலின் முதல் செட்டில் உள்ள எதையும் விட உயர்வு. எங்கள் தீர்ப்பு: 1977-ல் கோப்பு அழகு, பிசிறில்லாத வாசிப்பு. துணிச்சலும் தேடலும் வேண்டுமென்றால் ஐந்து ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

அப்படியானால் ஒரே ஒரு கச்சேரிதான் என்றால் எது?

1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலம் வெனீட்டா. நாவலாசிரியர் கென் கீஸியின் தம்பி குடும்பம் நடத்திய ஸ்ப்ரிங்ஃபீல்ட் க்ரீமரி என்ற பால் பண்ணை கடனில் தத்தளித்தபோது அதற்கு உதவ நடந்த திறந்தவெளிக் கச்சேரி. நுழைவுச்சீட்டைத் தயிர் டப்பா லேபிளில் அச்சிட்டார்கள். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. கிதார் தந்திகள் சுருதியில் நிற்க மறுத்தன. அதனால் பாட்டுகளுக்கிடையே சுருதி சேர்க்கும் இடைவெளி நீளம். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று செட். 'சைனா கேட் சன்ஃபிளவர்' முடிந்து 'ஐ நோ யூ ரைடர்' வரும் இணைப்பு, 'பர்ட் சாங்', 'ப்ளேயிங் இன் தி பேண்ட்' மூன்றுமே அந்தந்தப் பாட்டின் முதல் வரிசைப் பதிவுகள். மூன்றாவது செட்டின் 'டார்க் ஸ்டார்' சுமார் முப்பத்தொரு நிமிஷம். முதல் பாதியில் காற்றில் மிதக்கும். பிறகு லெஷ் பேஸைக் கிட்டத்தட்ட முன்னணி வாத்தியமாக்கிவிடுவார். கடைசியில் இரைச்சலும் சிதறலுமாகக் கிடக்கும் இடத்திலிருந்து, மூச்சு விடாமல், 'எல் பாஸோ' என்ற கௌபாய் கதைப்பாட்டு வால்ட்ஸ் நடையில் எழும். அந்தத் திருப்பத்தைக் கேட்காமல் டார்க் ஸ்டாரை மட்டும் தனியே எடுத்துக் கேட்பது பெரிய நஷ்டம். 16 டிராக் நாடாவிலிருந்து மிக்ஸ் செய்து 2013-ல் 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற பெயரில் படத்தோடு வெளியிட்டார்கள். பழைய இரண்டு டிராக் பிரதிகளைத் தேட வேண்டியதில்லை.

'டார்க் ஸ்டார்' மட்டும் வரிசையாகக் கேட்க வேண்டும். எவை?

1969 பிப்ரவரி 27 ஃபில்மோர் வெஸ்ட் (லைவ்/டெட் ஆல்பத்தில் இருப்பது). 1970 பிப்ரவரி 13 ஃபில்மோர் ஈஸ்ட் ('டிக்ஸ் பிக்ஸ்' வெளியீட்டுத் தொடரின் தொகுதி 4). மேலே சொன்ன ராட்டர்டாம், வெனீட்டா. 1973 டிசம்பர் 6 க்ளீவ்லண்ட். 1989 அக்டோபர் 9 ஹாம்ப்டன். முதலாவது கட்டுக்கோப்பானது, பாடம்போலக் கேட்கலாம். க்ளீவ்லண்டில் வரிகள் தொடங்கும் முன்பே நெடுநேரம் அலைவார்கள். பொறுமை இல்லாதவர்கள் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ஹாம்ப்டனில் முக்கியம் வாசிப்பு மட்டுமல்ல, 1984-க்குப் பிறகு முதல்முறையாக அந்தப் பாட்டின் தொடக்க ஸ்வரங்கள் கேட்டதும் அரங்கம் எழுப்பும் கூச்சலும்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் ஆடியன்ஸ் டேப்பையும் (கூட்டத்திலிருந்து எடுத்த பதிவையும்) ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

1974 பதிவுகளில் வாத்தியம் அபாரம், குரல் மட்டும் தகர டப்பாவில் பாடுவதுபோல் மெலிந்திருக்கிறது. என் ஹெட்ஃபோன் கோளாறா?

இல்லை. அது 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற ஒலியமைப்பின் விளைவு. சுமார் அறுநூறு ஸ்பீக்கர்களைக் குழுவுக்குப் பின்னாலேயே சுவர்போல அடுக்கினார்கள். வாசிப்பவர் கேட்பதும் ரசிகர் கேட்பதும் ஒரே ஒலி. மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்தால் ஊளையிடுமே? அதற்காக ஒவ்வொரு பாடகருக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மைக் வைத்து, ஒன்றின் முனைகளை எதிராக இணைத்தார்கள். பின்னாலிருந்து வரும் ஒலி இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழிக்கும். பாடகர் மேல் மைக்கில் மட்டும் பாடுவதால் குரல் தப்பும். ஆனால் குரலின் கீழ் அதிர்வெண்களும் இரண்டு மைக்கிலும் ஏறக்குறைய சமமாக விழுவதால் அவையும் கூடவே அழிந்துபோகின்றன. மைக்கிலிருந்து வாய் கொஞ்சம் விலகினாலே குரல் இன்னும் மெலியும். ஈக்வலைஸரில் 200 ஹெர்ட்ஸை ஏற்றினால் பேஸும் பியானோவும் குழம்பும். குரல் தேறாது. அப்படியே விட்டுவிடுங்கள்.

அந்த ஆண்டில் தவறவிடக்கூடாதது மே 21 சியாட்டில். 'ப்ளேயிங் இன் தி பேண்ட்' நாற்பத்தாறு நிமிஷம் போகிறது.

சவுண்ட்போர்டு, ஆடியன்ஸ், மேட்ரிக்ஸ்: எது மேல்?

சவுண்ட்போர்டு என்பது மிக்ஸிங் மேசையிலிருந்து நேராக எடுத்தது. சுத்தமாக இருக்கும். ஆனால் சிறிய அரங்கில் கிதார் ஆம்ப்ளிஃபயரே போதிய சத்தம் போடுவதால் மேசையில் கிதாரைக் குறைத்து வைப்பார்கள். விளைவு: பதிவில் குரல் முன்னால், கிதார் எங்கோ பின்னால். பெட்டி கேன்ட்டர்-ஜாக்ஸனின் நாடாக்கள் தனித்து நிற்பதற்குக் காரணம் இங்கேதான். அரங்கத்துக்குப் போன மிக்ஸை அப்படியே பிடிக்காமல், நாடாவுக்கென்று தனி மிக்ஸ் செய்து பதிந்தார்.

ஆடியன்ஸ் டேப் என்பது கூட்டத்திலிருந்து மைக் வைத்து எடுத்தது. அரங்கத்தின் எதிரொலி, கைதட்டல், பக்கத்து ஆளின் பேச்சு எல்லாம் வரும். மேசைக்கு முன்னால் மைக் வைத்தவை பொதுவாக நல்லவை. 1984 அக்டோபர் முதல் பதிவு செய்பவர்களுக்கென்று மேசைக்குப் பின்னால் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். கூட்ட இரைச்சல் குறைந்தது, தூரம் கூடியது.

மேட்ரிக்ஸ் இரண்டையும் கலப்பது. நன்றாகச் செய்திருந்தால் 1980-களின் வறண்ட சவுண்ட்போர்டுகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. கெட்டுப்போகும் இடம் நேர இடைவெளி. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட் ஆகும். மைக் முப்பது மீட்டர் தள்ளி இருந்தால் 87 மில்லிசெகண்ட் பின்தங்கும். அதைச் சரிசெய்யாமல் கலந்தால் ஸ்நேர் டிரம் அடி இரட்டையாகக் கேட்கும். தொடக்கத்தில் பொருந்தி ஒரு மணி நேரம் கழித்து விலகினால், இரண்டு நாடாவின் வேகமும் ஒன்றல்ல என்று அர்த்தம். அந்தப் பிரதியை விட்டு வேறு பாருங்கள்.

ஒரே தேதிக்குப் பத்துப் பிரதிகள் இருக்கின்றன. எதைத் தொடுவது?

முதலில் அதிகாரபூர்வ வெளியீடு உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் பெரும்பாலும் அங்கேயே தேடல் முடிந்தது. இல்லையென்றால் பதிவோடு வரும் உரைக்கோப்பைத் திறந்து நாடாவின் வம்சாவளியைப் படியுங்கள். மூல ரீலிலிருந்து நேராக டிஜிட்டலுக்கு வந்தது முதல் தேர்வு. நடுவில் ஒரு கேசட் பரவாயில்லை. 'கேசட், கேசட், கேசட்' என்று மூன்று நான்கு தலைமுறை இருந்தால் இரைச்சல் ஏறி உச்ச ஒலிகள் மங்கியிருக்கும். வம்சாவளியே எழுதாத பிரதியைக் கடைசியில் வையுங்கள்.

பிறகு மூன்று இடங்களைக் கேளுங்கள்: முதல் பாட்டின் முதல் நிமிஷம் (மிக்ஸ் இன்னும் சரியாகியிருக்காது, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்), இரண்டாவது செட்டின் நடு, கடைசிப் பாட்டு. நடுவில் சிம்பல் ஒலி 'ஷ்ஷ்' என்று கரைந்து கேட்டால் டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) தவறாக இயங்கியிருக்கலாம். டால்பி போட்டுப் பதிந்த நாடாவை அது இல்லாமல் ஓட்டினால் ஒலி கூசும். போடாமல் பதிந்ததை டால்பியோடு ஓட்டினால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகும்.

பாட்டு கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறிக் கேட்கிறது. சரிசெய்ய முடியுமா?

முடியும். பேட்டரியில் ஓடிய ரெக்கார்டரில் பேட்டரி தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கும். சரியான வேகத்தில் திரும்ப ஓட்டும்போது ஒலி விரைந்து சுருதி ஏறும். கச்சேரி முடிவை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான்.

அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பாட்டுகளுக்கிடையே ஆம்ப்ளிஃபயரின் 'ம்ம்ம்' ஒலி கேட்கும் ஐந்து பத்து விநாடியை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தேர்ந்தெடுத்து, அலைமாலையை 65536 அளவில் வரைந்து பாருங்கள். முகடு 60-ல் நின்றால் வேகம் சரி. 61.8-ல் நின்றால் மூன்று சதவீதம் வேகம், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் சுமார் பாதி. துல்லியத்துக்கு 180 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள முகட்டையும் பாருங்கள், அங்கே விலகல் மூன்று மடங்காகத் தெரியும். பிறகு 'வேகத்தை மாற்று' என்பதில் மைனஸ் 2.91 கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவியையோ தாளத்தை மட்டும் மாற்றும் கருவியையோ தொடாதீர்கள். நாடா பிழையில் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. 1972 ஐரோப்பியச் சுற்றில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கே 60-ஐத் தேடினால் எல்லாமே தப்பாகிவிடும். மேலும் அந்த 'ம்ம்ம்' பிரதி எடுத்தபோது ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆகவே மாற்றியபின் அதே பாட்டின் அதிகாரபூர்வப் பதிவோடு சுருதியை ஒத்துப் பாருங்கள்.

ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது 'டிக்' என்று கேட்கிறது.

பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால் இது எரிச்சலூட்டும். சிடியின் ஒரு செக்டர் 588 சாம்பிள். டிராக்கை வெட்டியவர் 588-ன் மடங்கில் வெட்டாவிட்டால், சிடியில் எழுதும்போது மீதியிடம் வெறுமையால் நிரப்பப்படும். அதுதான் 'டிக்'. ஷன்டூல் என்ற இலவசக் கருவியில் எல்லைகளைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகளை வரிசை மாறாமல் கொடுங்கள். எம்பி3-யாக மாற்றினால் தொடக்கத்தில் சிறு வெறுமை கட்டாயம் சேரும், இடைவெளியற்ற ஓட்டம் உள்ள பிளேயர்தான் அதை மறைக்கும். ஸ்கார்லெட்டும் ஃபயரும் நடுவே அறுபடாமல் இருக்க வேண்டுமானால் ஃப்ளாக்கிலேயே வைத்திருங்கள். மூன்று மணி நேரக் கச்சேரிக்குச் சுமார் ஒரு ஜிபி ஆகும்.

பாட்டு நடுவே வெட்டுகிறது, அல்லது ஒலி திடீரென மாறுகிறது?

நாடா திருப்பிய இடம். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம்தான். ஒலி மாறினால், விட்டுப்போன துண்டை ஆடியன்ஸ் டேப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

எண்பதுகள், தொண்ணூறுகளில் கேட்க ஏதாவது உண்டா?

நிச்சயமாக. கார்சியாவின் குரல் தேய்ந்ததும் மிடி கருவிகளின் (கிதாரிலிருந்தே வேறு வாத்திய ஒலிகளை எழுப்பும் மின்னணுக் கருவிகளின்) ஒலியும் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் 1989 இலையுதிர்காலம் முதல் 1990 வசந்தகாலம் வரை குழு மறுபடி உச்சத்தில் இருந்தது. ஹாம்ப்டன் இரண்டு இரவுகளும் 'ஃபார்மர்லி தி வார்லாக்ஸ்' பெட்டியில் உள்ளன. 1990 மார்ச் 29 நஸ்ஸாவ் கொலிசியம் அரங்கில் சாக்ஸஃபோன் கலைஞர் ப்ரான்ஃபர்ட் மார்ஸாலிஸ் கூடச் சேர்ந்தார். 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டில் கார்சியா ஒரு சொல் போட, அவர் அதை எடுத்து வளர்த்துத் திருப்பித் தருவது, ஒருவரையொருவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. முழுக் கச்சேரியும் 2014-ல் 'வேக் அப் டு ஃபைண்ட் அவுட்' என்று வந்தது.

இரண்டாவது செட்டின் 'டிரம்ஸ்', 'ஸ்பேஸ்' பகுதிகளைத் தாண்டிப் போகலாமா?

டிரம்மர்களின் தனி வாசிப்பும் அதைத் தொடரும் கட்டற்ற ஒலித் தேடலும்தான் இவை. முதல் சில கச்சேரிகளில் தாண்டுங்கள், குற்றமில்லை. ஆனால் லயத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் சீக்கிரமே திரும்பி வருவீர்கள். 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' ஏழு எண்ணிக்கையில் நடக்கும். மிஸ்ர சாபுக்குப் பழகிய கைக்கு உடனே பிடிபடும். 'தி இலெவன்' பெயருக்கேற்ப பதினொன்று. 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாட்டின் மெட்டு, மிக்கி ஹார்ட் ஜாகீர் ஹுசைனோடு சேர்ந்து 1976-ல் வெளியிட்ட டிகா ரிதம் பேண்ட் ஆல்பத்தில் ஏற்கெனவே வாத்திய இசையாக இருக்கிறது. ஹார்ட்டின் 'ப்ளானெட் டிரம்' ஆல்பத்தில் (1991) கடம் வாசித்திருப்பவர் விக்கு விநாயக்ராம். அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வந்தால், 'டிரம்ஸ்' பகுதியில் ஹார்ட் எதைத் தேடுகிறார் என்பது விளங்கும்.

எந்தத் தொடர்களை வாங்கலாம்?

குழுவின் நாடாக் காப்பாளர் டிக் லாட்வாலா தொடங்கிய 'டிக்ஸ் பிக்ஸ்' 1993 முதல் 2005 வரை 36 தொகுதிகள் வந்தது. இரண்டு டிராக் நாடாவை உள்ளபடி தரும் தொடர், ஆகவே குறைகளும் உள்ளபடி இருக்கும். தொகுதி 4, தொகுதி 8 (1970 மே 2, ஹார்பர் கல்லூரி; முதலில் அகூஸ்டிக், பிறகு மின்கிதார்) இரண்டிலிருந்தும் தொடங்குங்கள். 2012 முதல் டேவிட் லெம்யூ தேர்ந்தெடுக்கும் 'டேவ்ஸ் பிக்ஸ்' ஆண்டுக்கு நான்கு வருகிறது. எண்ணிக்கை வரம்புள்ள பதிப்பு, விற்றுத் தீர்ந்தால் இரண்டாம் கை விலை ஏறிவிடும். 'யூரப் 72' மூன்று எல்பி ஆல்பத்தில் குரல்களைப் பின்னால் ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சுற்றின் 22 கச்சேரிகளும் 2011-ல் முழுமையாக வந்துவிட்டன.

இணையத்தில் இலவசமாக எடுப்பது முறையா?

ரசிகர்கள் பதிவு செய்வதையும் காசு வாங்காமல் கைமாற்றுவதையும் குழுவே அனுமதித்தது. விற்பது மட்டும் கூடாது. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஆடியன்ஸ் டேப்புகளைத் தரவிறக்கலாம். சவுண்ட்போர்டுகளை 2005 நவம்பருக்குப் பிறகு அங்கேயே ஓடவிட்டுக் கேட்க மட்டுமே முடியும். தரவிறக்கியதும் கூடவே வரும் எம்டி5 கோப்பை (கோப்புகள் சிதையாமல் வந்தனவா என்று காட்டும் குறியீடுகளின் பட்டியலை) வைத்துச் சரிபாருங்கள். ஒரு கோப்பு பொருந்தாவிட்டால் அதை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். கோப்பின் பெயரை மாற்றுவதாக இருந்தால் சரிபார்த்த பிறகே மாற்றுங்கள், இல்லையென்றால் நிரல் அந்தக் கோப்பையே காணோம் என்று சொல்லும்.